ஆன்லைன் போக்கர் தளங்கள் நேர்மையாக நடக்கின்றனவா, இல்லை நாம்தான் ஏமாளிகளா?

ரிவரில்_மூழ்கியவன்:

வணக்கம். வீட்டில் நண்பர்களோடு ஹோல்டெம் வகைப் போக்கர் ஆடிப் பழகியவன், லாக்டவுன் சமயத்தில் ஆன்லைனுக்கு வந்தேன். 2025 ஆகஸ்டில் புதுச் சட்டம் வந்ததும் நம்மூர்த் தளங்கள் காசு வைத்து ஆடும் டேபிள்களை இழுத்து மூடிவிட்டன, தெரியும்தானே. அப்புறம் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒருத்தர் வெளிநாட்டுத் தளம் ஒன்றின் லிங்க்கைப் போட்டார், கிரிப்டோவில் பணம் கட்டினால் போதும், பான் கார்டு கூடக் கேட்க மாட்டார்கள் என்றார். தளத்தின் பெயர் இங்கே வேண்டாம்.

என் கையில் ஜோடி ஏஸ், எதிராளியிடம் ஜோடி கிங், இரண்டு பேரும் ஆல்-இன், அதாவது இருக்கிற மொத்தத்தையும் பந்தயம் வைத்தாயிற்று. கடைசிச் சீட்டில் அவனுக்கு மூன்றாவது கிங் வந்து உட்காருகிறது. ஒரு நாள் என்றால் சரி, இது திரும்பத் திரும்ப நடக்கிறது. அது போக டேபிளில் ஒரு ஐடி இருக்கிறது, நான் ஒன்றுமில்லாமல் ப்ளஃப் அடித்தால் தயங்காமல் பந்தயத்தை ஏற்றுக் கால் பண்ணுகிறது, நிஜமாகவே நல்ல கை வைத்திருந்தால் சத்தமில்லாமல் சீட்டை மடக்கிவிட்டுப் போகிறது. சப்போர்ட்டுக்கு எழுதினால் "எங்கள் சீட்டுக் கலைப்பு சான்றிதழ் பெற்றது" என்று தயாராக வைத்திருந்த ஒரு பதிலை ஒட்டி அனுப்புகிறார்கள். உள்ளே என்னதான் நடக்கிறது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள், "சூதாடாதே" என்ற அறிவுரை வீட்டிலேயே நிறையக் கிடைக்கிறது.

கணக்கு_வாத்தியார்:

முதலில் கிங் விஷயம். ஜோடி ஏஸுக்கு எதிராக ஜோடி கிங் முதலிலேயே ஆல்-இன் போனால் ஏஸ் ஜெயிப்பது சுமார் 82%. அதாவது கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு தடவை நீங்கள் தோற்கத்தான் வேண்டும், தோற்கவே இல்லை என்றால்தான் சந்தேகப்பட வேண்டும். ஜோடி ஏஸ் சராசரியாக 221 கைக்கு ஒரு முறை வரும். வீட்டில் ஒருவர் சீட்டுப் போட்டு, சிப் எண்ணி, நடுவில் டீ குடித்து ஆடினால் மணிக்கு 25, 30 கை ஓடும், ராத்திரி முழுக்க உட்கார்ந்தால் ஒரு ஏஸ் ஜோடி பார்க்கலாம். ஆன்லைனில் ஒரு டேபிளிலேயே மணிக்கு 60, 70 கை ஓடும், நான்கு டேபிள் திறந்து வைத்தால் ஒரு மணி நேரத்திலேயே அந்த ஏஸ் ஜோடி வந்துவிடும். வீட்டில் பல மாதத்துக்கு ஒன்றாக வரும் வயிற்றெரிச்சல் இங்கே ஒரே வாரத்தில் மொத்தமாக வருகிறது, அதைத்தான் நம் மூளை சதி என்று பதிந்து வைத்துக்கொள்கிறது.

தளத்துக்கு யார் ஜெயித்தாலும் கமிஷன் உண்டு. அதனால் அந்தக் கிங்கை மாற்றிப் போட அவர்களுக்குப் பெரிய அவசியம் இல்லை.

ஆனால் சீட்டுக் கலைப்பு எப்போதும் ஒழுங்காக இருந்தது என்றும் சொல்ல மாட்டேன். 1999-இல் பிளானட் போக்கர் தளம் ஏஎஸ்எஃப் என்ற நிறுவனத்தின் மென்பொருளை ஓட்டியது. நாங்கள் எவ்வளவு நேர்மை பாருங்கள் என்று காட்ட, சீட்டைக் கலைக்கும் நிரலையே இணையத்தில் போட்டிருந்தார்கள். 52 சீட்டை அடுக்கும் விதங்கள் மொத்தம் 68 இலக்க எண். அந்த நிரலோ நள்ளிரவிலிருந்து எத்தனை மில்லி விநாடி ஆயிற்று என்ற ஒரே எண்ணை வைத்துத்தான் கலைத்தது, ஒரு நாளைக்கு மொத்தமே 8 கோடியே 64 லட்சம் மில்லி விநாடி. சர்வர் கடிகாரத்தோடு தங்கள் கடிகாரத்தை ஒட்டி வைத்துக்கொண்டால் சுமார் 2 லட்சம் அடுக்குகள்தான் மிஞ்சும் என்று ஒரு பாதுகாப்பு ஆய்வுக் குழு கண்டுபிடித்தது. கையில் இரண்டு சீட்டு, எல்லோருக்கும் பொதுவாக முதலில் விரிக்கும் ஃப்ளாப்பில் மூன்று சீட்டு, இந்த ஐந்தை வைத்து அவர்கள் எழுதிய நிரல் மற்ற எல்லோர் கையையும், இனி வரப்போகும் டர்ன், ரிவர் என்ற கடைசி இரண்டு பொதுச் சீட்டையும் அப்போதே சொல்லிவிட்டது. விஷயம் வெளியே வந்ததும் நிரலை மாற்றினார்கள். பிறகு போக்கர்ஸ்டார்ஸ் மாதிரி பெரிய தளங்கள் குவாண்டம் கருவி, ஆட்டக்காரர்களின் மவுஸ் அசைவு என்று இரண்டு மூன்று இடங்களிலிருந்து தற்செயலை எடுத்துக் கலக்க ஆரம்பித்தன. உங்கள் தளம் என்ன செய்கிறது என்பதை யார் சரிபார்க்கிறார்கள் என்று கேளுங்கள். சான்றிதழ் கொடுத்த ஆய்வகத்தின் பெயரைச் சொல்ல முடியாவிட்டால் அது வெறும் படம்தான்.

சும்மா_பார்க்க_வந்தேன்:

எல்லாமே ஃப்ராடு ப்ரோ. என் மச்சான் பைக்கை விற்றான். இதுக்கு மேலே என்ன ஆராய்ச்சி?

பழைய_டேபிள்:

வாத்தியார் சொன்ன கணக்கு சரி, ஆனால் பாதிக் கேள்விக்குத்தான் பதில் சொல்லியிருக்கிறார். நண்பர் சொன்ன அந்த இன்னொரு ஐடியை விட்டுவிட்டார், எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. சீட்டை யாரும் தொட வேண்டியதில்லை, உங்கள் சீட்டை ஒருத்தன் பார்த்தாலே போதும்.

2007 செப்டம்பரில் அப்சல்யூட் போக்கர் தளத்தில் ஆயிரம் டாலர் கட்டணத்தில் ஒரு போட்டி. பாட்ரிப்பர் என்ற ஐடி ஜெயித்தது. கடைசிக் கையில் எதிராளி வெறும் ஒன்பதை வைத்துக்கொண்டு ப்ளஃபாக ஆல்-இன் போக, இந்த ஆள் பத்தைத் தவிர வேறொன்றும் இல்லாத கையோடு கால் பண்ணினான். சீட்டு தெரியாமல் யாரும் பண்ணாத கால் அது. இரண்டாம் இடம் வந்தவர் தளத்திடம் தன் கை விவரங்களைக் கேட்டார். அவர்கள் கைதவறி மொத்தப் போட்டியின் எக்செல் கோப்பையே அனுப்பிவிட்டார்கள், எல்லோருடைய மறைச்சீட்டும், வேடிக்கை பார்த்தவர்களின் ஐபி முகவரியும் உட்பட. ஆட்டக்காரர்கள் ஒன்றாக உட்கார்ந்து வரி வரியாகத் தோண்டினார்கள். 363 என்ற எண் கொண்ட ஒரு பார்வையாளர் கணக்கு டேபிளுக்குள் வருகிறது, அதன் பிறகு பாட்ரிப்பர் தப்பே செய்வதில்லை. ஐபியைப் பிடித்துப் போனால் நிறுவனத்தின் கோஸ்டா ரிக்கா அலுவலகத்தில் போய் நிற்கிறது. உரிமம் கொடுத்த, கனடாவில் இருக்கும் கானவாக்கே சூதாட்ட ஆணையம் 5 லட்சம் டாலர் அபராதம் போட்டது, உரிமத்தை ரத்து செய்யவில்லை.

அடுத்த வருஷமே அல்டிமேட்பெட் தளத்திலும் அதே கதை, இன்னும் பெரிய அளவில். பல ஆண்டுகளாக உள்ளிருந்தே மற்றவர் சீட்டைப் பார்த்து ஆடியிருக்கிறார்கள், சுமார் 2 கோடியே 20 லட்சம் டாலர் திருப்பித் தர வேண்டியிருந்தது. இதற்குப் பின்னால் இருந்தவர் என்று ஆணையம் அறிவித்த பெயர் ரஸ் ஹாமில்டன், 1994 உலகப் போக்கர் தொடரின் சாம்பியன். இரண்டு விவகாரத்தையும் முதலில் பிடித்தது ஆட்டக்காரர்கள்தான், அவர்கள் கொண்டுபோய்க் காட்டிய பிறகுதான் மேலே இருப்பவர்கள் அசைந்தார்கள்.

இது பழைய காலம் என்பீர்கள். 2023 டிசம்பரில் ஜிஜிபோக்கரில் மணிடேக்கர்69 என்ற கணக்கு பிடிபட்டது. இந்த முறை உள் ஆள் இல்லை, கணினியில் ஓடும் செயலியில் இருந்த ஓட்டை வழியாகத் தன் கை ஜெயிக்க எவ்வளவு வாய்ப்பு என்பதைக் கணித்துக்கொண்டே ஆடியிருக்கிறான். தளம் ஒப்புக்கொண்டு, ஓட்டையை அடைத்து, பாதிக்கப்பட்டவர்களுக்குப் பணம் கொடுத்தது. அங்கும் ஆட்டக்காரர்கள் எண்களை எடுத்துப் போட்டுக் கூச்சல் எழுப்பிய பிறகுதான்.

உங்கள் தளம் கை வரலாற்றை, அதாவது ஆடிய ஒவ்வொரு கையின் பதிவை, டவுன்லோட் செய்ய விடுகிறதா? விடவில்லை என்றால் அந்த ஐடி திருடனா, நன்றாக ஆடுகிறவனா என்று உங்களால் கடைசி வரை நிரூபிக்க முடியாது. இரண்டு பேர் ஃபோனில் பேசிக்கொண்டு ஒரே டேபிளில் உட்காருவதற்கும், ஆளுக்குப் பதில் பாட் (தானே ஆடும் நிரல்) ஆடுவதற்கும் இதே கதைதான். 2019-லேயே ப்ளூரிபஸ் என்ற நிரல் ஆறு பேர் டேபிளில் தொழில்முறை ஆட்டக்காரர்களைத் தோற்கடித்துவிட்டது, அதை மனதில் வையுங்கள்.

வரி_கட்டியவன்:

எல்லோரும் சீட்டையே பார்க்கிறீர்கள், பணம் எங்கே இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. ஃபுல் டில்ட் என்ற போக்கர் தளம் நினைவிருக்கிறதா? 2011 ஏப்ரல் 15 அன்று அமெரிக்க அரசு வழக்குப் போட்டது, செப்டம்பரில் இதை ஒரு பான்சி மோசடி (ஒருத்தர் பணத்தை எடுத்து இன்னொருத்தருக்குக் கொடுத்து ஓட்டுவது) என்றே சொன்னது. மார்ச் இறுதிக் கணக்குப்படி ஆட்டக்காரர்களுக்குக் கொடுக்க வேண்டியது சுமார் 39 கோடி டாலர், வங்கியில் இருந்தது 6 கோடி. மிச்சம்? முதலாளிகளுக்குப் பங்காகப் போயிருந்தது. இன்னொரு கூத்து, தளம் பணம் வசூலிக்க விடாமல் வங்கிகள் தடுத்த காலத்தில் ஆட்டக்காரரின் வங்கிக் கணக்கிலிருந்து வசூலிக்காமலேயே திரையில் வரவு காட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள். அந்த இல்லாத காசை வைத்து ஆட்டம் நடந்து, ஜெயித்தவன் இருக்கிற காசை வெளியே எடுத்துக்கொண்டு போயிருக்கிறான். 2012-இல் போக்கர்ஸ்டார்ஸ் 73 கோடியே 10 லட்சம் டாலருக்கு அரசோடு சமரசம் செய்துகொண்டு ஃபுல் டில்ட்டையும் வாங்கியதால் பணம் திரும்பியது, அமெரிக்க ஆட்டக்காரர்களுக்கு முதல் தவணை வந்தது 2014-இல். அங்கே கோர்ட்டும் அரசும் நடுவில் இருந்தன.

நம் நிலைமை வேறு. முன்பு நம்மூர்த் தளத்தில் பான் கேட்டார்கள், ஜெயித்ததில் 30% டிடிஎஸ் பிடித்தார்கள், 2023 அக்டோபரிலிருந்து கட்டுகிற பணத்துக்கே 28% ஜிஎஸ்டி, எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் ஏமாற்றினால் வழக்குப் போட இந்தியாவில் ஒரு விலாசம் இருந்தது. 2025 சட்டப்படி தண்டனை தளம் நடத்துகிறவனுக்குத்தான், மூன்று வருஷம் வரை சிறை, ஒரு கோடி வரை அபராதம், ஆடுகிறவனுக்கு இல்லை. சரி, நீங்கள் ஜெயிலுக்குப் போக மாட்டீர்கள். கிரிப்டோவில் பணம் கட்டிய, தடை செய்யப்பட்ட ஒரு தளத்தின் மேல் எந்த ஸ்டேஷனில் போய்ப் புகார் எழுதுவீர்கள்? பான் கேட்காததைச் சலுகை என்று நினைக்கிறீர்கள். நாளைக்கு நீங்கள் பணம் எடுக்கப் போகும்போது அடையாள அட்டை வேண்டும் என்பார்கள், அதில் விலாசம் இந்தியா என்று இருக்கும், எங்கள் விதிப்படி இந்தியர் ஆடக்கூடாது, கணக்கு முடக்கம். கதை முடிந்தது.

கணக்கு_வாத்தியார்:

பழைய_டேபிள் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் சாதாரண ஆள் தோற்பதற்குத் திருட்டு தேவையே இல்லை, ரேக் போதும், அதாவது ஒவ்வொரு கையிலும் தளம் எடுக்கிற கமிஷன். ஆறு பேர் ஆளுக்கு ஆயிரம் வைத்து உட்காருகிறார்கள் என்று வையுங்கள், டேபிளில் 6000. சராசரியாகக் கைக்கு 150 சேர்ந்து அதில் 5% தளம் எடுத்தால் ஏழரை ரூபாய். மணிக்கு 70 கை ஓடினால் 525 ரூபாய். பன்னிரண்டு மணி நேரத்துக்குள் ஆறு பேர் பணமும் தளத்துக்குப் போய்விடும், ஒருத்தரும் ஒருத்தரையும் ஏமாற்றாமலே. இது எல்லாமே விதிமுறையில் எழுதியிருக்கிறது, சட்டப்படி நேர்மை.

அந்த விதிமுறையையும் நடுவில் மாற்றுவார்கள். 2015-இல் போக்கர்ஸ்டார்ஸில் சூப்பர்நோவா எலீட் என்ற தகுதிக்காக வருஷம் முழுக்க உட்கார்ந்து ஆடினார்கள், பலன் அடுத்த வருஷமும் தொடரும் என்பது பேச்சு. நவம்பரில், ஜனவரியிலிருந்து அந்தச் சலுகைகளைக் குறைக்கிறோம் என்று அறிவிப்பு வந்தது. டிசம்பர் தொடக்கத்தில் ஆட்டக்காரர்கள் மூன்று நாள் ஆடாமல் வேலைநிறுத்தமே செய்தார்கள். சீட்டைக் கலைப்பதில் பிசகு சொல்ல முடியாத தளம்தான் அது.

ரிவரில்_மூழ்கியவன்:

நன்றி எல்லோருக்கும். கை வரலாறு டவுன்லோட் கிடையாது, கடைசிச் சில கைகளைத் திரையில் மட்டும் காட்டுகிறது. வரி_கட்டியவன் அண்ணன் எழுதியதைப் படித்துவிட்டு இருக்கிற பணத்தை எடுக்க விண்ணப்பம் கொடுத்தேன். "பரிசீலனையில்" என்று வருகிறது. கூடவே ஒரு மெயில்: இன்று இரவுக்குள் டெபாசிட் செய்தால் இரட்டை போனஸாம்.

வரி_கட்டியவன்:

அந்த போனஸை ஏற்றுக்கொண்டால் குறிப்பிட்ட அளவு ஆடி முடிக்கும் வரை பணம் எடுக்க முடியாது என்று கீழே பொடி எழுத்தில் இருக்கும், பாருங்கள். தொடாதீர்கள். விண்ணப்ப எண்ணோடு திரையைப் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். அந்த வாட்ஸ்அப் குழு லிங்க்கில் ரெஃபரல் கோட் இருந்ததா என்றும் பாருங்கள், நீங்கள் கட்டுகிற ரேக்கில் அனுப்பினவருக்கும் பங்கு போகலாம்.

ரிவரில்_மூழ்கியவன்:

இருக்கிறது. அவர் பெயரிலேயே இருக்கிறது.