தாய்மார்கள் கேட்டுச் செல்கிறார்கள், ஆனால் வீட்டில் தட்டு மாறவில்லை

கேள்வி (அங்கன்வாடிப் பணியாளர்):
அனைவருக்கும் வணக்கம். எங்கள் மையத்தில் மாதந்தோறும் தாய்மார்களைக் கூட்டி, காய், கனி, கீரைகளின் பயன்களைப் பட அட்டைகளைக் காட்டி விளக்கி வருகிறேன். எந்தக் காயில் எந்தச் சத்து என்று கேட்டால் தடையின்றிச் சொல்கிறார்கள். ஆனால் சென்ற வாரம் வீடுகளுக்குச் சென்றபோது, மூன்று வீடுகளில் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள உருளைக்கிழங்கு வறுவல் மட்டுமே இருந்தது; நான்காவது வீட்டுச் சாம்பாரில் குழந்தைக்குக் கிடைத்தது ஒரே ஒரு முருங்கைக்காய்த் துண்டு. நான் சொல்லித்தரும் முறையில் எதை மாற்ற வேண்டும்?

மறுமொழி (ஊட்டச்சத்து ஆலோசகர்):
சகோதரி, பயனைச் சொல்லும் நாம் அளவைச் சொல்வதில்லை. இரண்டு முதல் ஐந்து வயதுக் குழந்தைக்கு நாளொன்றுக்கு 250 கிராம், பத்து வயதுக்கு மேற்பட்டோருக்கு 400 கிராம் காய்கறியும் பழமும் சேர்த்துத் தேவை என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. உருளைக்கிழங்கு இக்கணக்கில் சேராது. நான்கு பேருக்குக் கால் கிலோ பீன்ஸ் பொரியல் செய்யும் வீட்டில், அது ஒரு சிறு குழந்தையின் ஒரு நாள் அளவுதான் என்பதைத் தராசில் நிறுத்துக் காட்டுங்கள். அட்டைகளைவிட அது மனத்தில் நிற்கும்.

மறுமொழி (இரண்டு குழந்தைகளின் தாய்):
எங்கள் வீட்டில் சந்தைக்குப் போவது கணவர். எவ்வளவு சமைப்பது என்று முடிவு செய்வது மாமியார். கூட்டத்துக்கு அழைக்கப்படுவதோ நான் மட்டும். அவர்கள் இருவரும் கேட்காத செய்தியை அடுப்படியில் நான் எப்படி நடைமுறைப்படுத்துவேன்? தயவுசெய்து அவர்களையும் அழையுங்கள்.

மறுமொழி (ஓய்வுபெற்ற அங்கன்வாடிப் பணியாளர்):
அந்தச் சகோதரி சொல்வது முற்றிலும் உண்மை. அதோடு, மையத்திலேயே சமைத்துக் காட்டுங்கள். முருங்கைக்கீரையைக் குழந்தைகளே உருவ, பாசிப்பருப்பும் தேங்காயும் சேர்த்து அங்கேயே பொரியல் செய்தால், தாங்கள் உருவிய கீரை என்பதற்காகவே ஒரு வாயாவது உண்பார்கள். முதல் முறை துப்பினால் மனம் தளர வேண்டாம். பழகாத சுவையைக் குழந்தை ஏற்க, பத்து முறைக்கு மேலும் சிறிது சிறிதாகத் தர வேண்டியிருக்கும். பழம் என்றால் ஆப்பிள்தான் என்று எண்ணிச் செலவுக்கு அஞ்சுபவர்களிடம், கொல்லையில் பழுக்கும் கொய்யாவையும் பப்பாளியையும் நறுக்கிக் கொடுத்துப் பேசுங்கள்.

கேட்டவர்:
மூவருக்கும் மனமார்ந்த நன்றி. அடுத்த கூட்டத்தை, கணவர்களும் மாமியார்களும் வரக்கூடிய ஞாயிற்றுக்கிழமை காலையில் வைக்கிறேன். எதிரிலுள்ள மளிகைக் கடைக்காரர் தராசு தர இசைந்திருக்கிறார்.