புதுப்பிப்பு: மரக்கம்ப ஈரப்பத சென்சார் சிக்கல் தீர்ந்தது

மரக் கம்பத்தின் அடியில் இரண்டு ஆணி அடித்து, அவற்றுக்கிடையே உள்ள மின்தடையை வைத்து ஈரத்தை அளக்கிறேன் (மின்தடை குறைந்தால் ஈரம் அதிகம்). மழை பெய்தும் ஈரப்பத அளவு இறங்கிக்கொண்டே போகிறதே என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

பலித்தது, அளவெடுக்கும் நொடி மட்டும் மின்சாரம் கொடுத்து, ஒவ்வொரு முறையும் ஆணிகளின் நேர், எதிர் முனைகளை மாற்றச் சொன்ன யோசனைதான். கழற்றிப் பார்த்தால் நேர்முனை ஆணி மட்டும் அரித்துக் கறுத்திருந்தது; அதனால் மின்தடை கூடி, ஈரம் குறைவாகத் தெரிந்திருக்கிறது. இப்போது இரண்டு ஆணியுமே துருப்பிடிக்காத எஃகு. அளவு நிலையாக நிற்கிறது.

எதிர்பாராதது: நண்பகலில் அளவு ஏறுகிறது. சூட்டில் மரத்தின் மின்தடை குறைவதுதான் காரணம். அதனால் விடியுமுன் எடுக்கும் அளவை மட்டும் சேமிக்கிறேன்.

அப்புறம், அழுகாமல் இருக்கத் தாமிர உப்பு ஏற்றிய மரம், உண்மையில் இருப்பதைவிட அதிக ஈரம் காட்டும். 20 சதவீதத்தைத் தாண்டினால் அழுகல் என்ற கணக்கை அதில் அப்படியே நம்ப வேண்டாம். அதே கம்பத்தின் பழைய அளவோடு ஒப்பிடுங்கள்.