மாதம் 61 வெள்ளி பில்லுக்குப் 10 சோலார் பேனலா? சுங்கை சிப்புட்டில் நாங்கள் போட்ட கணக்கு

போன மாதம் ஒரு சனிக்கிழமை, சோலார் விற்கும் தம்பி ஒருவர் எங்கள் தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) வீடு வீடாக வந்தார். நல்ல தமிழ், நல்ல மரியாதை. முதலில் அம்மாவிடம்தான் பேசியிருக்கிறார். நான் வேலை முடிந்து வந்தபோது மேசைமேல் 23,000 வெள்ளிக்கு (மலேசிய ரிங்கிட்) விலைப்பட்டியல் இருந்தது. 550 வாட் பேனல் 10, இன்வெர்ட்டர், கூலி எல்லாம் சேர்த்து. "இனிமே கரண்டுக்குக் காசே கட்ட வேண்டாமாம்பா" என்றார் அம்மா.

அம்மா பிறந்து வளர்ந்தது தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில். அவர் சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஜெனரேட்டர் இரவு 10 மணிக்கு நின்றுவிடுமாம், அப்புறம் மண்ணெண்ணெய் விளக்குதான். சொந்தக் கூரையில் சொந்தக் கரண்டு என்றால் அவருக்கு ஆசை வராமல் எப்படி இருக்கும்? சட்டென்று வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒரு வாரம் கொடுங்கள், கணக்குப் போட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றேன். நம் ஊரில் இன்னும் பல வீடுகளுக்கு இதே பட்டியல் போயிருக்கும் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் வீட்டுச் சராசரி மாதம் 280 யூனிட். பில் 61 வெள்ளி 40 சென். 2025 ஜூலையில் கட்டண முறை மாறியது உங்களுக்குத் தெரிந்திருக்கும். எரிசக்திக்கு யூனிட்டுக்கு 27.03 சென், அதோடு 4.55 சென்னும் 12.85 சென்னும் வேறு இரண்டு கட்டணங்கள். கூட்டினால் 44.43 சென். ஆனால் குறைவாக எரிக்கும் வீட்டுக்கு இதிலிருந்து ஊக்கத்தொகை கழிகிறது. 200 யூனிட்டுக்குள் இருந்தால் யூனிட்டுக்கு 25 சென். எங்களைப்போல 251 முதல் 300 வரை என்றால் 22.5 சென். ஆக, நாங்கள் உண்மையில் கட்டுவது யூனிட்டுக்கு 21.93 சென்தான். விற்க வந்த தம்பி 44 சென்னை வைத்துக் கணக்குக் காட்டியிருந்தார். எல்லாம் அங்கேதான் பிசகியது.

முழு பில்லும் மிச்சமானாலும் வருடத்துக்கு 737 வெள்ளி. 23,000 வெள்ளியை எடுக்க 31 வருடம். பேனலுக்கு அவர் சொன்ன உத்தரவாதமே 25 வருடம்தான்.

அடுத்து அளவு. மழை, மேகம் எல்லாம் சேர்த்து நம் பக்கம் ஒரு கிலோவாட் பேனல் நாளுக்குச் சுமார் 3.5 யூனிட் தரும். 10 பேனல் என்றால் 5.5 கிலோவாட், மாதம் 570 யூனிட்டுக்கு மேல். எங்களுக்கு வேண்டியதோ 280. மீதியை வாங்கிக்கொள்வார்கள் என்றார் தம்பி. வெளியே அனுப்பிய ஒரு யூனிட்டுக்குப் பில்லில் ஒரு யூனிட் கழித்த பழைய நெம் திட்டம் 2025 ஜூன் 30-உடன் மூடிவிட்டது. 2026 ஜனவரியில் வந்த சோலார் அத்தாப் என்ற புதுத் திட்டத்தில், நாம் வெளியே அனுப்பும் யூனிட்டுக்கு எரிசக்திக் கட்டணத்தை மட்டும்தான் வரவு வைப்பார்கள். அந்த மாதத்துப் பில்லில் கழிந்தது போக மிஞ்சினால் அடுத்த மாதத்துக்கு வராது. அப்படியிருக்க, தேவைக்கு இரண்டு மடங்கு பேனல் போட்டு யாருக்கு லாபம்?

ஒரு வாரம் காலை 7 மணிக்கும் இரவு 7 மணிக்கும் மீட்டரைப் பார்த்து, காலண்டர் தாளின் பின்னால் எழுதி வைத்தேன். பகலில் 3 யூனிட்டைச் சுற்றி, இரவில் 6 யூனிட்டைச் சுற்றி. காற்றாடியும் அம்மா அறை ஏர்கோனும் ஓடுவது வெயில் போன பிறகுதான். பகலில் எரிகிற அந்த 3 யூனிட்டை மட்டும் சோலார் ஏற்றுக்கொண்டால் 280 யூனிட் 190 ஆகும், பில் 37 வெள்ளிக்கு வரும். மாதம் 24 வெள்ளி மிச்சம்.

இதே நிலையில் இருப்பவர்கள், போட்டவர்கள், போடாதவர்கள், உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்.

பதில் 1, வீட்டில் தையல் கடை வைத்திருப்பவர்

தம்பி, உங்கள் கணக்கு சரி. என் கதை வேறு, அதையும் கேளுங்கள். எனக்கு மாதம் 650 யூனிட். தையல் மெஷின், அயர்ன், கடைக்கு ஏர்கோன், ஐஸ்கிரீம் ஃப்ரீசர், எல்லாமே பகலில் ஓடுவது. பில் 250 வெள்ளியைத் தாண்டும். பழைய திட்டம் மூடுவதற்கு முன்னால் 6 பேனல் போட்டேன், 14,500 வெள்ளி. நாளுக்கு 11 யூனிட் வருகிறது, மழைக்காலத்தில் 7, 8. பெரும்பாலும் அப்போதைக்கப்போதே எரிந்துவிடுகிறது.

எனக்குப் பெரிய உதவி, எரிப்பது குறையக் குறைய ஊக்கத்தொகை கூடும் அந்தப் படிக்கட்டுதான். 650 யூனிட்டுக்கு ஊக்கத்தொகை 7.5 சென். மின்சாரக் கம்பெனி தெனாகாவிடமிருந்து வாங்குவது 340 யூனிட்டாகக் குறைந்ததும் அது 21 சென் ஆனது. 600 யூனிட்டுக்கு மேல் போனால் வரும் 10 வெள்ளிக் கட்டணமும் போய்விட்டது. இப்போது பில் 80 வெள்ளியை ஒட்டி வருகிறது. 7 வருடத்தில் போட்ட பணம் திரும்பும் என்று என் மகள் கணக்குப் போட்டுக் கொடுத்தாள். பகலில் ஆளில்லாத வீடாக இருந்திருந்தால் நானும் போட்டிருக்க மாட்டேன்.

பதில் 2, வயர்மேன்

அக்கா சொன்னது நூற்றுக்கு நூறு. நான் பணத்தைவிடக் கூரையைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். ஒரு பேனல் கிட்டத்தட்ட 28 கிலோ, ஆளைவிட நீளம். நம் பக்கத்துப் பழைய வீடுகளில் சட்டத்தைக் கறையான் தின்றிருக்கும், வெளியே தெரியாது. போன வருடம் ஒரு வீட்டில் அளவெடுக்க ஏறி, கட்டையை விரலால் அழுத்தினேன். விரல் உள்ளே போய்விட்டது. அங்கே 8 பேனல் ஏற்ற முன்பணம் வாங்கியிருந்தார்கள், கூரைக்குள் ஒருவரும் ஏறிப் பார்க்கவில்லை. ஆஸ்பெஸ்டாஸ் கூரை என்றால் அதில் துளை போடவே விடாதீர்கள். அந்தத் தூசி நுரையீரலுக்கு எமன்.

இன்னொன்று, கரண்டு போனால் சோலார் வீட்டில் விளக்கு எரியும் என்று பலர் நினைக்கிறார்கள். பேட்டரி இல்லாத சாதாரண இணைப்பில் எரியாது. கம்பியில் வேலை செய்பவருக்கு ஷாக் அடிக்காமல் இருக்க, தெனாகா கரண்டு நின்ற உடனே இன்வெர்ட்டர் தானாக நின்றுவிடும். மதிய இடி மழை விட்டு வெயில் வந்த பிறகும் வீடு இருட்டாக இருக்கிறது என்று ஒரு பெரியம்மா என்னைத் திட்டினார். அவருக்கு இதை யாரும் சொல்லவில்லை.

அண்ணே, குறைவாகப் போட்டால் விலை அதே கணக்கில் குறையும் என்றும் நினைக்காதீர்கள். இன்வெர்ட்டர், சாரம் கட்டுவது, விண்ணப்பம், இவையெல்லாம் 4 பேனலுக்கும் உண்டு, 10 பேனலுக்கும் உண்டு. விற்பவர், சோலார் திட்டங்களைக் கவனிக்கும் அரசு அமைப்பான செடாவின் பதிவுப் பட்டியலில் இருக்கிறாரா என்றும் பாருங்கள்.

பதில் 3, தோட்டத்தில் 34 வருடம் வேலை செய்து ஓய்வு பெற்றவர்

நாங்கள் இரண்டு பேர்தான். 200 யூனிட்டுக்குள் முடிந்துவிடும், 39 வெள்ளிகூட வராது. ஏழைக் குடும்பங்களுக்கான அரசுப் பதிவேடான ஈகாசேயில் பதிவு இருப்பதால் அரசாங்கத்தின் 40 வெள்ளிக் கழிவில் அதுவும் போய்விடுகிறது. என்னிடமும் ஒருவர் பேனல் விற்க வந்தார். பில்லைக் காட்டினேன், அவரே எழுந்து போய்விட்டார். இன்னும் தோட்டத்து வீட்டிலேயே இருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை: கூரை கம்பெனியுடையது. நிர்வாகத்தின் கடிதம் கையில் இல்லாமல் யாரிடமும் முன்பணம் கொடுக்காதீர்கள்.

தொடங்கியவர்

எல்லாருக்கும் நன்றி. சோலார் விற்க வந்த தம்பியிடம் 4 பேனலுக்கு விலை கேட்டேன், 10,500 வெள்ளி. வயர்மேன் தம்பி சொன்னது அப்படியே நடந்தது. பேனல் நூற்றுக்கு 60 குறைந்தது, விலை நூற்றுக்கு 54தான் இறங்கியது. எல்லாம் நல்லபடியாக நடந்து முழு பில்லும் மிச்சமானாலும் 14 வருடம். இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், கோபித்துக்கொள்ளாமல் போனார்.

மீட்டர் எழுதிய வாரத்தில் வேறொன்று கண்ணில் பட்டது. எங்கள் பழைய ஐஸ்பெட்டியின் கதவு ரப்பர் கிழிந்து, கீழே எப்போதும் தண்ணீர் வியர்த்திருக்கும். பிளக்கில் மாட்டும் சின்ன மீட்டர் வைத்துப் பார்த்தேன், அது ஒன்றே நாளுக்கு 2.4 யூனிட் தின்றது. 1,300 வெள்ளிக்குப் புதியது வாங்கினோம், அது 1 யூனிட்டில் நிற்கிறது. மாதம் 42 யூனிட் குறைந்து படிக்கட்டும் ஒன்று இறங்கியதால் பில் 47 வெள்ளிக்கு வந்துவிட்டது.

அம்மாவிடம் காலண்டர் தாளைக் காட்டி விளக்கினேன். ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார். இப்போது காலை 7 மணிக்கு மீட்டர் பார்த்து எழுதுவது அவர்தான்.