கிட்டார் ஆம்ப்ளிஃபயரில் உறுமலும் சொடுக்கொலியும்: காரணத்தைக் கண்டுபிடிப்பது எப்படி?

கேள்வி (சாட்ஸ்வர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் பஜனைக் குழுவின் பயிற்சி என் வீட்டுப் பின்னறையில் நடக்கிறது. எலெக்ட்ரிக் கிட்டார் ஒரு சிறு ஆம்ப்ளிஃபயரில் இணைந்திருக்கிறது. அதன் இரண்டாம் உள்ளீட்டில் லேப்டாப்பிலிருந்து சுருதி வருகிறது. பாடுகிறவரின் மைக் ஒரு மிக்சர் (ஒலிகளைக் கலக்கும் கருவி) வழியாக அதே ஆம்ப்ளிஃபயருக்குள் செல்கிறது. யாரும் வாசிக்காதபோதும் கனமான உறுமல் ஒன்று நிற்காமல் கேட்கிறது. இரவு நேரத்தில் அதன்மேல் கரகரப்பும் சேர்ந்துகொள்கிறது. இவற்றோடு, ஏறத்தாழ நொடிக்கு ஒரு தடவை ‘டிக்’ என்ற ஒலி பகலிலும் இரவிலும் வருகிறது. கிட்டார் கம்பியில் கை வைத்தபடி மைக்கை உதட்டருகே கொண்டுபோனால் சுருக்கென்று ஒரு கூச்சமும் தெரிகிறது. ஆம்ப்ளிஃபயரின் எர்த் இணைப்பை எடுத்துவிட்டால் உறுமல் போய்விடும் என்று நண்பர் ஒருவர் சொன்னார். அதைச் செய்வதற்கு முன் உங்களைக் கேட்க விரும்புகிறேன்.

மறுமொழி (பீனிக்ஸ், மின்பணியாளர்)

தம்பி, எர்த்தை எடுக்கவே எடுக்காதீர்கள். ஆம்ப்ளிஃபயருக்குள் லைவ் கம்பி உலோகப் பெட்டியைத் தொட்டுவிட்டால், அந்த மின்சாரம் போக வேண்டிய பாதை எர்த் கம்பிதான். அதை அறுத்துவிட்டால் பெட்டியும் கிட்டார் கம்பிகளும் உங்கள் விரல்களும் 230 வோல்ட்டில் நிற்கும். 1972இல் வேல்சில் உள்ள சுவான்சியில் லெஸ் ஹார்வி என்ற கிட்டார் கலைஞர், எர்த் செய்யப்படாத மைக்கைத் தொட்டு மேடையிலேயே உயிரிழந்தார். மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் எர்த் லீக்கேஜ் கருவி டிபி போர்டில் (வீட்டு மின்பகிர்வுப் பலகையில்) இருக்கிறதே என்ற தைரியமும் வேண்டாம். அது எர்த் கம்பிக்கு மாற்று அல்ல. அதன் சோதனைப் பொத்தானை அழுத்தி, அது வேலை செய்கிறதா என்று இன்றே பாருங்கள்.

நீங்கள் சொல்லும் கூச்சம்தான் எனக்கு உறுமலைவிடப் பெரிய கவலை. மைக்குக்கும் கிட்டாருக்கும் இடையே மின்னழுத்த வேறுபாடு இருக்கிறது என்பதே அதன் பொருள். மிக்சரின் பிளக் எந்த வகை? நம் நாட்டு மூன்று உருண்டைப் பின் சாக்கெட்டில் ஐரோப்பிய ஷுக்கோ பிளக்கை (இரண்டு உருண்டைப் பின்னும் பக்கவாட்டில் எர்த் தகடும் உள்ளது) பொருத்த, எர்த் தொடர்புள்ள அடாப்டர் தேவை. இரண்டு துளை மட்டுமுள்ள மலிவான அடாப்டரிலும் அந்தப் பிளக் சில சமயம் நுழைந்துவிடும். அப்போது எர்த் எங்கும் சேராது. இதைப் பார்த்துச் சரிசெய்யும்வரை கிட்டாரையும் மைக்கையும் ஒருவரே ஒரே நேரத்தில் தொடாமல் இருங்கள்.

மறுமொழி (பீட்டர்மாரிட்ஸ்பர்க், ஆம்ப்ளிஃபயர் பழுதுபார்ப்பவர்)

மேலே அண்ணன் சொன்னதை முதலில் முடித்துவிட்டு, பிறகு உறுமலின் சுருதியைக் கவனியுங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதை நேர்மின்சாரமாக மாற்றும்போது எஞ்சும் அலை 100 ஹெர்ட்ஸ். கிட்டாரின் மிகத் தடித்த கம்பியில் மூன்றாம் கட்டையை (ஃப்ரெட்) அழுத்தி வாசித்தால் 98 ஹெர்ட்ஸ் வரும். உறுமல் அந்தச் சுரத்துக்கு மிக நெருக்கமாக இருந்தால், ஆம்ப்ளிஃபயருக்குள் மின்னோட்டத்தைச் சமன்செய்யும் கப்பாசிட்டர்கள் வயதாகிவிட்டனவா என்று சந்தேகிக்கலாம். அதைவிட ஒரு ஸ்தாயி கீழே இருந்தால் 50 ஹெர்ட்ஸ். எர்த் வளையம் (ஒன்றோடொன்று இணைந்த கருவிகள் வெவ்வேறு வழிகளில் எர்த் ஆவதால் உண்டாகும் சுற்று) அல்லது வெளியிலிருந்து வரும் காந்தப்புலம் பக்கம் தேட வேண்டும். இரண்டும் கலந்து ஒலிப்பதும் உண்டு என்பதால், காதை மட்டும் நம்பாமல் அடுத்த சோதனையையும் செய்யுங்கள்.

எல்லாக் கேபிளையும் கழற்றி, ஒலியளவைப் பூச்சியத்தில் வைத்துக் கேளுங்கள். அப்போதும் உறுமினால் குறை ஆம்ப்ளிஃபயருக்குள்தான் இருக்கிறது. அது வால்வு (கண்ணாடிக் குழாய்) ஆம்ப்ளிஃபயராக இருந்தால் நீங்களே திறக்காதீர்கள். பிளக்கை எடுத்த பிறகும் உள்ளே 400 வோல்ட் வரை தங்கியிருக்கக்கூடும். உறுமல் இல்லையென்றால் கிட்டாரை மட்டும் இணைத்து, நின்ற இடத்திலேயே மெதுவாகச் சுற்றித் திரும்புங்கள். ஒரு திசையில் உறுமல் கூடி மற்றொரு திசையில் குறைந்தால், கம்பியின் அதிர்வை மின்சைகையாக்கும் ஒற்றைச் சுருள் பிக்கப், அருகிலுள்ள டிரான்ஸ்ஃபார்மரின் காந்தப்புலத்தை வாங்குகிறது. இரண்டு மீட்டர் விலகி நின்றாலே பெரிய வேறுபாடு தெரியும். கம்பியைத் தொட்டதும் கரகரப்பு குறைவது இயல்பு. தொட்டதும் கூடினால் கிட்டாருக்குள் பிரிட்ஜின் (கம்பிகளைத் தாங்கும் உலோகப் பாகத்தின்) எர்த் கம்பி விட்டுப்போயிருக்கலாம்.

அடுத்து லேப்டாப்பைச் சேர்த்து, சார்ஜரைச் சுவரிலிருந்து எடுத்துவிட்டுக் கேளுங்கள். பேட்டரியில் ஓடும்போது உறுமல் நின்றுவிட்டால் விடை கிடைத்துவிட்டது: சார்ஜர் வழியே உண்டாகும் எர்த் வளையம்தான் காரணம். ஒவ்வொரு கருவியாகச் சேர்த்து, எது சேர்ந்ததும் ஒலி மாறுகிறது என்று குறித்துக்கொள்வதைவிட நல்ல வழி எனக்குத் தெரிந்து இல்லை. விலை உயர்ந்த கேபிள் வாங்குவதை அதற்குப் பின் யோசிக்கலாம்.

மறுமொழி (வெருலம்)

நொடிக்கு ஒரு ‘டிக்’ என்றதுமே எனக்கு மின்வேலிதான் நினைவுக்கு வருகிறது. அக்கம்பக்கத்தில் மதில்மேல் மின்வேலி இருக்கிறதா? அதன் கருவி நொடிக்கு ஒன்று அல்லது அதற்குச் சற்றுக் குறைவான வேகத்தில் துடிப்பு அனுப்பும். வேலி நன்றாக இருந்தால் பொதுவாகத் தொந்தரவு இல்லை. வெடித்த இன்சுலேட்டர் (வேலிக் கம்பியைத் தாங்கும் மின்கடத்தாத் துண்டு), கம்பியைத் தொடும் கொடி, தளர்ந்த முடிச்சு ஆகிய இடங்களில் பொறி தாவினால், அது ஒரு சிறிய வானொலி நிலையத்தைப் போல ஒலிபரப்பத் தொடங்கிவிடும். பேட்டரியில் ஓடும் மத்திய அலை வானொலியை எடுத்து, நிலையம் எதுவும் இல்லாத இடத்தில் வைத்துக்கொண்டு மதிலோரமாக நடந்து பாருங்கள். ‘டிக்’ பலக்கும் இடத்தில் குறை இருக்கும். வேலியைத் தொட வேண்டாம்.

கேள்வி கேட்டவர்

எல்லோருக்கும் நன்றி. மிக்சர் எர்த் இல்லாத அடாப்டரில்தான் செருகப்பட்டிருந்தது. சரியான அடாப்டர் மாற்றியதும் மைக்கின் கூச்சம் முற்றிலும் நின்றுவிட்டது. ஆம்ப்ளிஃபயர் தனியாக அமைதியாக இருக்கிறது. லேப்டாப் பேட்டரியில் ஓடும்போதும் உறுமல் இல்லை. மூன்று பின் சார்ஜரைச் செருகினால் மட்டும் வருகிறது. லேப்டாப், மிக்சர், ஆம்ப்ளிஃபயர் மூன்றையும் ஒரே மல்டி பிளக்கில் இணைத்ததும் பெரும்பகுதி குறைந்தது. ஆனால் மெல்லிய கீச்சொலி மிச்சம் இருக்கிறது. இரவுக் கரகரப்புக்குக் காரணம் வரவேற்பறை விளக்கின் டிம்மர் (வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் சுவிட்ச்). வானொலியை அதன் அருகே கொண்டுபோனதும் அதே ஒலி கேட்டது. ‘டிக்’ பின்வீட்டு மதிலின் ஒரு மூலையில்தான் பலமாக இருக்கிறது. மின்வெட்டு நேரத்தில் இன்வெர்ட்டரிலும் பயிற்சி செய்கிறோம். அதில் கவனிக்க வேண்டியது உண்டா?

மறுமொழி (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

லேப்டாப்புக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் இடையே டிரான்ஸ்ஃபார்மர் உள்ள டிஐ பாக்ஸ் (ஒலிக் கேபிளுக்கு நடுவே வைக்கும் சிறு பெட்டி) ஒன்றைச் சேருங்கள். இரு பக்கமும் கம்பித் தொடர்பு இல்லாமல் ஒலி மட்டும் காந்தவழியே கடப்பதால் வளையம் அறுபட்டுவிடும். கீச்சொலியும் அந்த வளையம் வழியே வருவதுதான். பெரும்பாலும் அதோடு போய்விடும். அந்தப் பெட்டியிலுள்ள எர்த் விலக்கும் பொத்தான் ஒலிக் கேபிளின் உறையை மட்டுமே பிரிக்கிறது; சுவர்ப் பிளக்கின் எர்த் அப்படியே இருப்பதால் அதைப் பயன்படுத்தலாம். டிம்மர் மின்சாரத்தின் சீரான சைன் அலையை நொடிக்கு 100 தடவை வெட்டுவதால்தான் அந்தக் கரகரப்பு. பயிற்சியின்போது அந்த விளக்கை அணைத்துவிடுங்கள், அல்லது சாதாரண சுவிட்ச் போட்டுவிடுங்கள்.

மறுமொழி (பீனிக்ஸ்)

இன்வெர்ட்டர் தூய சைன் அலை தருகிற வகைதானா என்று பாருங்கள். படிக்கட்டு வடிவ அலை தருவதில் கரகரப்பு கூடவே வரும். அதைவிட முக்கியம், வெளி மின்சாரம் நின்று பேட்டரிக்கு மாறிய நிலையில் நியூட்ரலும் (மின்சாரம் திரும்பிச் செல்லும் கம்பி) எர்த்தும் முறைப்படி இணைக்கப்படுகின்றனவா என்பது. அந்த இணைப்பு இல்லையென்றால் எர்த் லீக்கேஜ் கருவி தன் வேலையைச் செய்யாமல் போகலாம். பதிவுபெற்ற மின்பணியாளரை அழைத்து அந்த நிலையிலேயே சோதிக்கச் சொல்லுங்கள். பின்வீட்டாரிடம் பேசும்போது, வேலிக் கருவியின் எர்த் தண்டு வீட்டு எர்த்திலிருந்து குறைந்தது 10 மீட்டர் தள்ளி இருக்கிறதா என்றும் வேலி அமைத்தவரைப் பார்க்கச் சொல்லுங்கள். இருட்டிய பிறகு அந்த மூலையைத் தூரத்தில் நின்று கவனித்தால் பொறி கண்ணுக்கே தெரியும். எந்த இன்சுலேட்டர் என்று அவரிடம் சரியாகச் சொல்லிவிடலாம்.