நாக்பூரில் நிற்கிறோம், பைக் செயின் பற்றி உதவி வேண்டும்

வணக்கம் நண்பர்களே. கன்னியாகுமரியிலிருந்து ஸ்ரீநகருக்கு 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் போய்க்கொண்டிருக்கிறோம். நாக்பூர் வந்ததும் என் 350 சிசி வண்டியில் செயின் சத்தம் அதிகமாகிவிட்டது. பின்சக்கரத்தைச் சுழற்றிப் பார்த்தால் செயின் ஓரிடத்தில் இறுக்கம், இன்னோரிடத்தில் தொய்வு. செயினை இறுக்கும் அட்ஜஸ்டர் கடைசிக் கோட்டுக்கு வந்துவிட்டது, இனி இறுக்க இடமில்லை. செயின் ஓடும் பல்சக்கரமான ஸ்பிராக்கெட்டின் பற்களும் கொக்கிபோல் வளைந்திருக்கின்றன. ஆதிலாபாத் பக்கம் மழையில் நனைந்த பிறகு செயினுக்கு லூப் (மசகு எண்ணெய்) அடிக்காமல் ஓட்டியது என் தவறுதான்.

செயினில் ஒரு கண்ணியை எடுத்துவிட்டால் டெல்லி வரை போகலாம் என்கிறார் இங்குள்ள மெக்கானிக். எனக்கு மனம் ஒப்பவில்லை. வழியில் செயின் அறுந்து பின்சக்கரம் பூட்டிக்கொண்டால்? பின்னால் தம்பி உட்கார்ந்து வருகிறான். செயினும் ஸ்பிராக்கெட்டும் சேர்ந்த புது முழு செட் வர இரண்டு நாள் ஆகுமாம். காத்திருப்பதுதான் சரியா? நாக்பூரில் உடனே கிடைக்கும் கடைத்தெரு தெரிந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.