கைவாகு: ‘எர்கோனாமிக்’ கருவிக்கு ஒரு சொல்

நண்பர்களுக்கு வணக்கம்.

கருவிகளைக் குறிக்கும் ‘எர்கோனாமிக்’ என்ற சொல்லுக்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்ற நம் பேச்சுக்கு என் பங்கு இது. வேலையையும் கருவிகளையும் மனித உடலுக்குப் பொருந்த அமைக்கும் எர்கோனாமிக்ஸ் துறைக்குப் ‘பணிச்சூழலியல்’ என்ற சொல் நிலைத்துவிட்டது. அதை மாற்ற வேண்டாம். 1857-இல் போலந்து அறிஞர் யஸ்ட்ஷெம்போவ்ஸ்கி, வேலை, விதி என்று பொருள்படும் இரண்டு கிரேக்கச் சொற்களைச் சேர்த்து ஆக்கிய பெயர்தான் எர்கோனாமிக்ஸ். சிக்கல் ‘எர்கோனாமிக்’ என்ற பெயரடையில்தான். ‘பணிச்சூழலியல் உளி’ என்றால் நாற்காலியும் வெளிச்சமும் நினைவுக்கு வருகின்றன, கை வருவதில்லை.

என் பரிந்துரை ‘கைவாகு’. பிடிக்க வாகாக இருக்கிறது என்று நாம் எல்லோருமே சொல்கிறோம். கைவாகான குறடு, கைவாகு வடிவமைப்பு, கைவாகற்ற கத்தரி என்று எப்படியும் வளைக்கலாம். முன்பு பரிந்துரையாக வந்த ‘கைக்கிசைவு’ நல்ல சொல்தான், ஆனால் இசைவு என்றதும் ஒப்புதல் என்ற பொருள் முந்திக்கொள்கிறது.

‘உடல்வாகு’ உடலமைப்பைக் குறிப்பதால் குழப்பம் வருமே என்ற கேள்வியும் எழுந்தது. அந்த நெருக்கம் நல்லது என்பேன். கருவி யாருடைய கையமைப்புக்குப் பொருந்துகிறது என்பதுதானே இங்கே கேள்வி! விரல் பதியப் பள்ளம் வெட்டிய கைப்பிடியைப் பாருங்கள். கையின் அளவு மாறினால் விரல் பள்ளத்தில் விழாமல் மேட்டில் ஏறி அழுந்தும். அட்டையில் எர்கோனாமிக் என்று அச்சிட்டிருந்தாலும் அந்தக் கைக்கு அது கைவாகானது அல்ல. வலக்கைக்கென்றே வளைத்த கத்தரியும் இடக்கைக்காரருக்கு அப்படித்தான்.

அப்புறம், ‘பிடி’ என்ற சொல்லைக் கருவியின் பாகத்துக்கும் கையின் செயலுக்கும் மாற்றி மாற்றிப் போடுகிறோம். பாகம் கைப்பிடியாகவே இருக்கட்டும், செயலுக்குப் ‘பற்று’ என்போம். கை பிடிக்கும் விதத்தில் 1956-இல் பிரிட்டிஷ் அறிஞர் நேப்பியர் பிரித்துக் காட்டிய இரண்டு வகைகளும் வன்பற்று, நுண்பற்று ஆகிவிடும். சுத்தியலை முழுக் கையால் இறுக்குவது வன்பற்று, செதுக்குக் கத்தியை விரல்நுனிகளால் நடத்துவது நுண்பற்று.

இந்தச் சொற்களுக்கு நாம் எழுதும் விளக்கக் குறிப்பில் இந்தப் பிரிவு கட்டாயம் வர வேண்டும், ஏனென்றால் அளவே இதைப் பொறுத்து மாறுகிறது. வன்பற்றுக்குக் கைப்பிடியின் விட்டம் சுமார் 3 முதல் 5 செ.மீ., நுண்பற்றுக்கு 1 செ.மீ. அளவில் போதும். கைப்பிடி உள்ளங்கையைத் தாண்டி நீள வேண்டும் என்பதையும் சேர்க்கலாம். நடுவிலேயே முடிந்தால் அதன் முனை அங்குள்ள நரம்பையும் இரத்தக் குழாயையும் அழுத்தும்.

மணிக்கட்டு எந்தப் பக்கமும் மடங்காத நிலைக்கு ‘நேர்மணிக்கட்டு’ என்று தற்காலிகமாக வைத்திருக்கிறேன். நீளமாகத்தான் இருக்கிறது. இதைவிடச் சுருக்கமான சொல் இருந்தால் எழுதுங்கள்.