நம்மை முன்னால் தள்ளியது யார்? நிலைமத்தை நேரில் கண்ட அனுபவங்கள்

அறிவியல் ஆசிரியர், தஞ்சாவூர் மாவட்டம்

பத்தாம் வகுப்பில் இப்போது முதல் பாடமே இயக்க விதிகள்தான். விசை செயல்படாதவரை ஒரு பொருள் தன் ஓய்வையோ சீரான இயக்கத்தையோ மாற்றிக்கொள்ளாத பண்பே நிலைமம்; அது என்ன என்று கேட்டால் வகுப்பே ஒரே குரலில் வரையறையை ஒப்பித்துவிடும். அந்த வரையறை வகுப்பறை வாசலைத் தாண்டுவதில்லை என்பதைச் சென்ற வாரம் பேருந்தில் கண்டேன். குறுக்கே ஓர் ஆடு ஓடிவர, ஓட்டுநர் பிரேக்கை அழுத்தினார். அருகில் நின்ற என் மாணவன் முன்னிருக்கைக் கம்பியில் நெற்றியை இடித்துக்கொண்டு, "பஸ் தள்ளிவிட்டுடுச்சு சார்" என்றான்.

உண்மையில் யாரும் தள்ளவில்லை. பேருந்து மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில், அதாவது விநாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் வந்தது என்று கொள்வோம். முன்னோக்கி ஒரு விசை அவன்மீது செயல்பட்டிருந்தால் அவனுடைய வேகம் 10-ஐவிடக் கூடியிருக்க வேண்டும். சாலையோரம் நின்று பார்த்தவருக்கோ அவன் வேகம் கூடவே இல்லை. பேருந்து வேகம் குறைந்தது, அவனுடைய கால்களைத் தரையின் உராய்வு பேருந்தோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டது, மேலுடம்பு பழைய வேகத்திலேயே போய்க்கொண்டிருந்தது. 60 கிலோகிராம் நிறையுள்ள ஒருவர் இரண்டே விநாடிகளில் பேருந்தோடு நிற்க வேண்டுமானால் அவர்மீது 300 நியூட்டன் விசை பின்னோக்கிச் செயல்பட்டாக வேண்டும். கம்பியைப் பிடித்திருந்தால் கை அதைப் பெற்றிருக்கும்; பிடிக்காததால் நெற்றி பெற்றது. வலியைத் தந்த விசை பின்னோக்கியது என்று அவனுக்கு விளக்கி முடிப்பதற்குள் இறங்கும் இடம் வந்துவிட்டது.

இவ்வாறு நிலைமம் உங்கள் கண்முன் வந்து நின்ற தருணங்களைப் பகிருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இரண்டு பிள்ளைகளின் தாய், கோயம்புத்தூர்

தேர்த்திருவிழாவில் மகளுக்கு ஒரு வாயு பலூன் வாங்கிக் கொடுத்துவிட்டுக் காரில் திரும்பிக்கொண்டிருந்தோம். (தெருவில் விற்கும் சில பலூன்களில் எரியக்கூடிய ஹைட்ரஜன் இருக்கும் என்பதைப் பிற்பாடுதான் அறிந்தேன், இப்போது வாங்குவதில்லை.) கண்ணாடிகள் ஏற்றப்பட்டிருந்தன. சிக்னலில் என் கணவர் பிரேக் போட்டபோது நாங்கள் எல்லோரும் முன்னே சாய்ந்தோம். நூலில் நின்ற பலூன் மட்டும் நிதானமாகப் பின்பக்கம் சாய்ந்தது. வண்டி கிளம்பியபோது நாங்கள் பின்னே சாய, அது முன்னே வந்தது. "அதுக்கு மட்டும் ஏம்மா உல்டாவா போகுது?" என்று மகள் கேட்டாள். என்னிடம் விடை இல்லை.

வீடு திரும்பிய பிறகு யோசித்ததில் புரிந்தது. காருக்குள் இருக்கும் காற்றுக்கும் நிறை உண்டு, எனவே நிலைமமும் உண்டு. வண்டி நிற்கும்போது காற்றும் எங்களைப் போலவே முன்னே போக முற்பட, முன்பக்கத்தில் அழுத்தம் மிகச் சிறிதளவு கூடுகிறது. பலூனோ தான் அடைத்துக்கொண்டிருக்கும் இடத்தின் காற்றைவிட இலேசானது. ஆகவே அந்த அழுத்தம் அதைப் பின்னே ஒதுக்குகிறது. பலூன் இல்லாமலும் இதைப் பார்க்கலாம். தண்ணீர் பாட்டிலில் ஒரு சிறு குமிழி மட்டும் இருக்கும்படி நிரப்பி மூடி, படுக்கவைத்துச் சட்டென்று முன்னே தள்ளினால், குமிழி முன்னே ஓடும். நிறுத்தினால் பின்னே வரும்.

நாள்தோறும் ரயிலில் செல்பவர்

எனக்குக் கிடைத்தது ஒரு கொய்யாப்பழம். எதிரில் அமர்ந்த சிறுவன் அதை மேலே எறிந்து பிடித்துக்கொண்டிருந்தான். மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் ரயில் விநாடிக்கு 20 மீட்டர் ஓடும். ஒரு முழ உயரத்துக்கு எறிந்த பழம் கைக்குத் திரும்ப 0.6 விநாடி ஆகும். அதற்குள் ரயில் 12 மீட்டர், அதாவது பாதிப் பெட்டிக்கு மேல் நகர்ந்திருக்கும். பழம் அவன் உள்ளங்கையிலேயே விழுந்தது. பிரெஞ்சு அறிஞர் பியர் காசெண்டி 1640-இல் மார்செய்ல் துறைமுகத்தில் ஓடும் கப்பலின் பாய்மர உச்சியிலிருந்து கல்லைப் போட்டு, அது மரத்தின் அடியிலேயே விழுவதைக் காட்டிய சோதனையும் இதுவேதான்.

தேர் ஓட்டும் குடும்பத்தைச் சேர்ந்தவர்

என் தாத்தா முட்டுக்கட்டை போடுபவர். காரியத்துக்குத் தடை என்ற பொருளில் ஊரார் அச்சொல்லை வசவாக வழங்குவது அவருக்கு வாழ்நாள் முழுதும் வருத்தம். தேரை இழுப்பவர்கள் ஆயிரம் பேர் இருக்கலாம். நிறுத்துகிறவரும் திருப்புகிறவரும் சக்கரத்துக்கு அடியில் கட்டை கொடுக்கும் அந்தச் சிலர்தாம். கிளப்பும்போது பின்சக்கரங்களுக்கு நெம்புகட்டை கொடுத்து எழுப்பியாக வேண்டும், ஏனெனில் நிலையிலிருக்கும் தேரின் உராய்வு ஓடும் தேரின் உராய்வைவிட அதிகம். நகர்ந்துவிட்டாலோ கவலை வேறு திசைக்கு மாறிவிடும்.

திருவாரூர் ஆழித்தேர் 96 அடி உயரம், ஏறத்தாழ 300 டன் எடை என்பார்கள். அது விநாடிக்கு அரை மீட்டர், அதாவது குழந்தையின் நடை வேகத்தில் நகர்ந்தால்கூட அதன் உந்தம் (நிறையை வேகத்தால் பெருக்கி வருவது) 1,50,000 கிலோகிராம் மீட்டர்/விநாடி. ஐந்து விநாடிகளில் நிறுத்த 30,000 நியூட்டன் போதும்; அரை விநாடியில் நிறுத்த நினைத்தால் 3 லட்சம் நியூட்டன் வேண்டும். அதனால்தான் கட்டை செங்குத்தாக இராமல் சரிவாகச் செதுக்கப்பட்டிருக்கிறது. சக்கரம் அதன்மேல் ஏறி, அழுந்தி, சிறிது தூரம் இழுத்துக்கொண்டுபோய் நிற்கும். இரும்புப் பட்டைக்கடியில் கட்டை கருகிப் புகை கிளம்பும் வாசம் எனக்கு இன்னும் மூக்கில் இருக்கிறது. கட்டையைச் சாய்த்து வைத்தால் சக்கரம் வழுக்கித் தேர் வீதி திரும்பும். அந்தத் தேருக்கு இப்போது ஹைட்ராலிக் பிரேக் பொருத்தப்பட்டிருக்கிறது. ஆனாலும் முட்டுக்கட்டை போடுவோர் இல்லாமல் அது கிளம்புவதில்லை.

யாழ்ப்பாணத்தில் படித்தவர்

உங்கள் பதிவுகளை வாசிக்கையில் முதலில் சற்றுத் தடுமாறினேன். நீங்கள் நிலைமம் என்பதை நாங்கள் சடத்துவம் என்று படித்தோம். முடுக்கம் எங்களுக்கு ஆர்முடுகல். தமிழ்நாட்டுப் பாடநூல் ஒன்றில் "நிறை 60 கிலோகிராம்" என்று கண்டபோது அச்சுப்பிழை என்றே எண்ணினேன். எங்கள் பாடநூல்களில் நிறை என்பது நியூட்டனில் அளக்கப்படும் புவியீர்ப்பு விசை, கிலோகிராமில் அளக்கப்படுவது திணிவு. அதே நிறை உங்களிடம் திணிவைக் குறிக்கிறது, எங்கள் நிறை உங்களுக்கு எடை. வேகமும் அப்படித்தான், நீங்கள் திசைவேகம் என்பதே எங்கள் வேகம், உங்கள் வேகம் எங்கள் கதி. இரு கரைப் பிள்ளைகளும் ஒரே காணொளியைப் பார்த்துப் படிக்கும் காலத்தில் இது சின்ன விடயம் அல்ல.

அறிவியல் ஆசிரியர், தஞ்சாவூர் மாவட்டம்

யாழ்ப்பாணத்து நண்பர் சொன்ன நிறை, எடைக் குழப்பம் நேற்று வேறு வடிவில் என் வகுப்பிலேயே வந்தது. "எடையே இல்லாத இடத்தில் நிறையை எப்படி சார் அளக்கிறது?" என்று ஒரு மாணவி கேட்டாள். ஹாக்சா பிளேடு ஒன்றை அதன் தட்டையான பக்கம் செங்குத்தாக நிற்கும்படி மேசை விளிம்பில் இறுக்கி, நுனியில் ஓர் இரும்பு நட்டைக் கட்டிப் பக்கவாட்டில் அதிரவிட்டோம். நான்கு நட்டுகளைக் கட்டியபோது ஓர் அலைவுக்கான நேரம் ஏறத்தாழ இரு மடங்கானது. பிளேடுக்கும் தன் நிறை உண்டு என்பதால் சற்றுக் குறைவாகவே வந்தது. பிறகு அந்த நட்டுகளின் எடையைப் பிளேடு தாங்காதபடி மேலிருந்து நீளமான நூலில் தொங்கவிட்டு மறுபடியும் அதிரவிட்டோம். அலைவு நேரம் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு மாறவில்லை. விண்வெளி நிலையத்தில் வீரர்கள் தம் நிறையை அளந்துகொள்ளும் சுருள்வில் கருவியும் இந்த அடிப்படையில்தான் இயங்குகிறது என்று சொன்னேன். நெற்றியை இடித்துக்கொண்ட மாணவன், இடைவேளை மணி அடித்த பிறகும் பிளேடைச் சுண்டிக்கொண்டே நின்றான்.